குழந்தைகளோடு மதிப்பைப் பற்றிப் பேசுவது: பழனி மலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலை ஊர்களிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கீழ்மலை ஊர்களிலும் எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளோடு தத்துவ உரையாடல் வட்டங்களை நடத்திவருகிறோம். எது நல்லது, எது நியாயம், எதற்கு மதிப்பு உண்டு, அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பவையே பெரும்பாலும் பேசுபொருள். பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோரும், தம் வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களும் ஒரே வகையான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

"தத்துவம்னா பெரிய படிப்பாச்சே. நாலாவது படிக்கிற புள்ளைக்கு அது எதுக்குங்க?"

அறிஞர்களின் பெயர்களையும் கொள்கைகளையும் மனப்பாடம் செய்விப்பது எங்கள் நோக்கமில்லை. தின்பண்டத்தைப் பங்கு பிரிக்கும்போது 'அவனுக்கு மட்டும் ஏன் கூட?' என்று கேட்கும் பிள்ளை, நியாயம் என்றால் என்ன என்ற கேள்விக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 'இவன் நல்லவன், அவன் கெட்டவன்' என்று தரம் பிரிக்கும் பிள்ளை ஏதோ ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது. அது எப்படிப்பட்ட அளவுகோல் என்று அதற்கே இன்னும் தெரியாது. அந்த அளவுகோலை வெளியே எடுத்துப் பார்க்கவும், அடுத்த பிள்ளையுடையதோடு ஒப்பிடவும், தேவைப்பட்டால் திருத்திக்கொள்ளவும் பழக்குவதைத்தான் இங்கே தத்துவம் என்கிறோம்.

இதை ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தவர் மாத்யூ லிப்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பித்துவந்த அவர், ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கத்தைக் கல்லூரியில் தொடங்குவது காலம் கடந்த வேலை என்று கருதி, பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் தமக்குள் பேசிப் பேசியே தர்க்க விதிகளைக் கண்டுபிடிப்பதுபோல ஒரு கதையை எழுதினார். 1974இல் ஆன் மார்கரெட் ஷார்ப்புடன் சேர்ந்து நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் அரசுக் கல்லூரியில் இதற்கெனவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். எங்கள் முறைக்கு அடிப்படை அவர் வகுத்ததுதான். கதைகளும் கேள்விகளும் மட்டும் இந்த மலையிலிருந்து எடுத்தவை.

"அந்த வயசுல புள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா?"

புரியாது என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கண்முன் இல்லாத பொதுக் கருத்துகளைக் கையாளும் திறன் ஏறக்குறைய பதினோரு, பன்னிரண்டு வயதில்தான் வருகிறது என்று உளவியலாளர் ஜீன் பியாஜே வகுத்தது ஆசிரியப் பயிற்சிகளில் நெடுங்காலமாகச் சொல்லித்தரப்படுகிறது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கேரத் மாத்யூஸ் இதை ஏற்கவில்லை. சிறுவர்கள் தாமாகக் கேட்ட கேள்விகளைத் திரட்டி 1980இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் வரும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனின் வீட்டுக்கு விருந்தாளிகளின் பிள்ளைகள் மூன்று பேர் வந்து தொலைக்காட்சியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவன் விரும்பிய நிகழ்ச்சியைப் பார்க்க முடியவில்லை. ஒருவன் சுயநலமாக இருப்பதைவிட மூன்று பேர் சுயநலமாக இருப்பது எப்படி மேலாகும் என்று அவன் தாயிடம் கேட்கிறான்.

பெரும்பான்மையின் மகிழ்ச்சிதான் நியாயமா என்று அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாதிடுவதன் மையம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பிள்ளைகளிடம் இல்லாதது சொற்களும் பொறுமையும்தான், அவற்றை வட்டம் தரும். எட்டு வயதில் தொடங்கலாம் என்பது எங்கள் அனுபவம். அதற்கும் சிறியவர்களோடு நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"வகுப்புல என்னதான் நடக்குது? சத்தம் மட்டும் கேக்குது."

எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்கிறோம், நடத்துபவரும் அதே தரையில்தான். முதலில் நடுவில் ஏதாவது ஒன்று வைக்கப்படும்: ஒரு கதை, ஒரு படம், ஒரு பிடிப் பூண்டு, ஒரு கமிஷன் கடைச் சீட்டு. சில நிமிடம் யாரும் பேசாமல் யோசிப்பார்கள். பிறகு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேள்வியை உருவாக்கிப் பலகையில் தங்கள் பெயரோடு எழுதுவார்கள். அவற்றில் எதைப் பேசுவது என்று கை தூக்கி முடிவு செய்த பிறகு ஏறக்குறைய நாற்பது நிமிடம் அந்த ஒரு கேள்வியை மட்டுமே பேசுகிறோம்.

எல்லாக் கேள்வியும் இதற்குப் பயன்படாது. 'காட்டுமாடு எவ்வளவு எடை இருக்கும்?' என்பதற்குப் புத்தகத்தில் விடை உண்டு. பார்த்துச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். 'கேரட் தோட்டத்துல மேய்ஞ்ச காட்டுமாடு தப்புப் பண்ணுச்சா?' என்பதற்கு அப்படி எங்கும் போய் விடை பார்க்க முடியாது. தப்பு என்று சொல்ல வேண்டுமானால், தெரிந்தே செய்தால்தான் தப்பா, நஷ்டம் வந்தாலே தப்பா, அந்த இடம் முதலில் யாருடையது என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் மிக விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நடத்துபவர் பாடம் எடுப்பதில்லை. 'ஏன் அப்படிச் சொல்ற?', 'எப்பவுமே அப்படித்தானா?', 'இதுக்கு மாறா ஒரு உதாரணம் யாருக்காவது தோணுதா?', 'நீ சொல்றதும் அவ சொன்னதும் ஒண்ணா, வேறயா?' என்பவைதான் அவர் பெரும்பாலும் கேட்பவை. கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், சரியான நேரத்தில் சரியான ஒன்றைக் கேட்பதற்குப் பிள்ளை சொல்வதை முழுவதுமாகக் காதில் வாங்க வேண்டும். அடுத்து என்ன பேசலாம் என்று மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அது இயலாது.

"இது நீதிபோதனை வகுப்புதானே? ஆத்திசூடி, திருக்குறள் சொல்லிக் குடுத்தாப் போதாதா?"

இரண்டும் வேண்டும், இரண்டும் வேறு. நீதிபோதனை முடிவைக் கையில் கொடுக்கிறது. இங்கே அந்த முடிவுக்கு வருவதற்கான காரணத்தைத் தேடுகிறோம். திருடக் கூடாது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் கூடாது என்று கேட்டால் 'போலீஸ் பிடிக்கும்' என்பதே முதல் விடையாக வரும். போலீஸ் பிடிக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் திருடலாமா என்று அடுத்த பிள்ளை கேட்கும் இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. தண்டனையை மட்டும் காரணமாகக் கொண்ட ஒழுக்கம், தண்டனை இல்லாத இடத்தில் நிற்காது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள்.

வள்ளுவர் இதற்கு எதிரானவர் என்று நினைக்க இடமே இல்லை. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற குறளில் 'யார்யார்' என்பதிலிருந்து ஆசிரியரும் பெற்றோரும் விலக்கப்படவில்லை.

"மதிப்புன்னு சொன்னா புள்ளைகளுக்கு விலைதான் ஞாபகம் வருது. எங்கே ஆரம்பிக்கிறது?"

விலையிலேயே தொடங்குங்கள். மேல்மலையில் பூண்டை விடச் சிறந்த தொடக்கப் பொருள் எனக்குத் தெரியாது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பிள்ளைகள் பூண்டு நடுவதையும் பிடுங்குவதையும் காய வைப்பதையும், அது வடுகபட்டிச் சந்தைக்குப் போவதையும் பார்த்தே வளர்கிறார்கள். ஒரு வருடம் நல்ல விலை, அடுத்த வருடம் பாதி என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'விலை பாதியாச்சே, பூண்டுல ஏதாவது மாறுச்சா?' என்று கேட்டால் போதும், பேச்சு தானே ஓடும்.

முதலில் 'அப்பா அம்மா உழைச்சதுக்குத்தான் விலை' என்பார்கள். அதே உழைப்புக்கு இந்த வருடம் ஏன் பாதி விலை என்று இன்னொருவர் கேட்டதும் அந்த விடை ஆட்டம் காணும். 'ஜனங்களுக்குத் தேவைப்படுது, அதான் விலை' என்று அடுத்த விடை வரும். அப்படியானால் பூண்டைவிடத் தண்ணீர்தானே தேவை, அதற்கு ஏன் விலை குறைவு என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில் இதே முடிச்சு இருக்கிறது: உயிருக்கே தேவையான தண்ணீரைக் கொடுத்து எதையும் வாங்க முடியவில்லை, எதற்கும் உதவாத வைரத்தைக் கொடுத்து எதையும் வாங்கலாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1870களில், பொருளியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கண்டார்கள். விலையைத் தீர்மானிப்பது மொத்தத் தண்ணீரின் பயன் அன்று, நம்மிடம் இருப்பதற்கு மேல் கிடைக்கும் இன்னொரு குடத்தின் பயன். வீடு நிறையத் தண்ணீர் இருப்பவருக்கு அந்த ஒரு குடம் பெரிதில்லை. கோடையில் தெருக்குழாய் வறண்டு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆவதில்லை.

அடுத்து வரும் கேள்விதான் மிக முக்கியமானது. விலை ஏன் இறங்கியது என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் அப்பாவின் உழைப்பின் மதிப்பும் இறங்கியதா? இல்லை என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். அப்படியானால் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது, அதை எதைக்கொண்டு அளப்பது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற சான்று, கிடைத்ததையும் இந்த இடத்தில் சேர்க்கலாம்: அந்தச் சான்று பூண்டுக்குப் புதிதாக மதிப்பைக் கொடுத்ததா, முன்பே இருந்த மதிப்பைக் கண்டு சொன்னதா? ஒரு மாலைப் பொழுது முழுவதும் இதற்கே போய்விடும். இதைப் பேசும்போது எந்தப் பிள்ளையின் வீட்டு வரவு செலவையும் கடனையும் வட்டத்தில் சொல்ல வைக்கக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

"மனுசனுக்குப் பயன்படாததுக்கு மதிப்பு உண்டா? காட்டைப் பத்திப் பேசினா அதுலதான் வந்து நிக்குது."

நிற்கட்டும், அது நல்ல இடம். 1973இல் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில் தத்துவ அறிஞர் ரிச்சர்ட் ரௌட்லி ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகம் அழிந்து ஒரே ஒரு மனிதன் மிஞ்சியிருக்கிறான். சாகும் முன் அவன் தன்னால் முடிந்தவரை எல்லா உயிர்களையும் அழித்துவிட்டுப் போகிறான். அவனால் துன்பப்பட இனி மனிதர் எவரும் இல்லை. அவன் செய்தது தவறா? தவறு என்று தோன்றினால், மனிதருக்குப் பயன்படுவது மட்டுமே மதிப்பு என்ற கொள்கையை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் இதைக் குறிஞ்சியை வைத்துக் கேட்கிறோம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒருவர்கூட வராத ஒரு சரிவில் அது பூத்தால் அந்தப் பூப்புக்கு மதிப்பு உண்டா? வண்டுக்கும் தேனீக்கும் மதிப்பு உண்டு என்பார்கள். அவையும் வரவில்லை என்றால்? இங்கே வட்டம் இரண்டாகப் பிரியும், பிரிந்தபடியே வீட்டுக்கும் போகும். சிலர் அழகு என்பது பார்ப்பவர் கண்ணில்தான் என்பார்கள். சிலர் யாரும் பார்க்காவிட்டாலும் செடி தனக்காகப் பூக்கிறது என்பார்கள்.

வயதில் மூத்த பிள்ளைகளுக்கு இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. புல்வெளிகளில் வனத்துறை நட்ட, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்கள் பரவிப் புல்லை இல்லாமல் செய்தன; ஆகவே அவற்றை வெட்ட வேண்டும் என்ற வாதம் வலுவானது. ஆனால் அதே தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை எனப்படும் மலைக்காட்டு மரங்களின் கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. இருந்த புல்வெளியை மீட்பதா, இப்போது வந்துகொண்டிருக்கும் சோலையைக் காப்பதா? முன்பு இருந்தது என்பதாலேயே ஒன்றுக்குக் கூடுதல் உரிமை வந்துவிடுமா? இதில் எனக்கே நிலையான முடிவு கிடையாது. அதனால்தான் இது வட்டத்துக்கு ஏற்ற கேள்வி.

"பேகன் பெரிய வள்ளல்னு பாடத்துல இருக்கு. உங்ககிட்ட வந்துட்டு, அவன் நல்லவனான்னு சந்தேகமா இருக்குங்கிறான் என் பையன். இது சரியா?"

பையன் அந்தக் கதையின் முழுமையைத் தொட்டிருக்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வையாவிக் கோப்பெரும் பேகன் இந்தப் பழனி மலை நாட்டுக்காரன். குளிரில் நடுங்குமே என்று மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்பதைப் பாடநூல் சொல்கிறது. முதல் கேள்வி அதிலேயே இருக்கிறது: மயிலுக்குப் போர்வை பயன்படாது என்றால் அந்தக் கொடைக்கு மதிப்பு உண்டா? கொடுத்தவன் மனத்தைப் பார்ப்பதா, பெற்றதற்கு ஏற்பட்ட நன்மையைப் பார்ப்பதா? பத்து வயதுப் பிள்ளைகள் இதில் கடுமையாக மோதிக்கொள்வார்கள். மயில் போர்வையை உதறிவிட்டுப் போயிருக்கும் என்ற பேச்சும் தவறாமல் வரும்.

பாடநூலில் வராத இன்னொரு பாதியும் உண்டு. பேகன் தன் மனைவி கண்ணகியைப் (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு) பிரிந்து வாழ்ந்தான். அவளிடம் திரும்பச் சொல்லிக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அடுத்தடுத்து இருக்கின்றன. 145ஆம் பாடலில் பரணர், மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்தவனே என்று அவனை விளித்துவிட்டுத் தான் பசித்து வரவில்லை, தனக்குச் சுற்றத்தைக் காக்கும் சுமையும் இல்லை, அவள் துயரைக் களைவதே தான் வேண்டும் பரிசில் என்கிறார். மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்கவில்லையே என்ற கேள்வியை அவன் முகத்துக்கு நேரே, அவனைப் புகழும் சொற்களாலேயே கேட்டிருக்கிறார்.

ஒருவர் ஓரிடத்தில் நல்லவராகவும் இன்னோரிடத்தில் அல்லாதவராகவும் இருக்க முடியுமா? முடியும் என்றால் 'நல்லவர்' என்று எப்போது சொல்லலாம்? உங்கள் மகன் கேட்பது இதைத்தான், அவனுக்கு முன்பே பரணர் கேட்டுவிட்டார். வள்ளலைக் குறை சொல்கிறான் என்று அவனை அதட்ட வேண்டாம்.

"எல்லாரும் பேசி முடிச்சு, 'அவங்கவங்களுக்கு அவங்கவங்க கருத்து'ன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்களே. அப்போ சரி தப்புன்னு ஒண்ணு இல்லையா?"

நடத்துபவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. பிளம்ஸ் பிடிக்குமா, பேரிக்காய் பிடிக்குமா என்பது விருப்பம். அதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தராசில் எடை குறைத்துக் கொடுப்பது சரியா என்பது விருப்பம் அன்று. அதற்குச் சொல்லும் காரணம் வலுவானதாகவோ பலவீனமானதாகவோ இருக்கும், பொருந்தாததாகவும் இருக்கலாம். இரண்டையும் 'கருத்து' என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஆகவே அந்த வாக்கியம் வந்ததும், 'சரி, உன்னை ஒருத்தர் ஏமாத்திட்டு, இது என் கருத்துன்னு சொன்னா ஒத்துக்குவியா?' என்று கேட்கிறேன். ஒப்புக்கொண்ட பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

வட்டம் ஒரு முடிவுக்கு வராமல் கலைவது வேறு, முடிவே கிடையாது என்பது வேறு. அன்றைக்கு விழுந்துபோன காரணங்கள் எவை, இன்னும் நிற்பவை எவை என்று கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறோம். பூண்டுப் பேச்சில் 'உழைப்புக்கு ஏத்த விலை' என்ற விடை விழுந்ததைப்போல, ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கும். அதுவே முன்னேற்றம்.

"என் பொண்ணு அங்கே வாயே திறக்கிறதில்லையாமே?"

பேசாத பிள்ளை யோசிக்காத பிள்ளை அன்று. வற்புறுத்திப் பேச வைப்பதில்லை. இரண்டு பேராகக் கேள்வி உருவாக்கும் நேரமும், சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இவர்களுக்காகவே வைக்கப்பட்டவை. ஓயாமல் பேசும் பிள்ளைக்கு ஒரு விதி உண்டு: முன்னே பேசியவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் பேச்சைத் தொடங்கலாம்.

"பொய் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டு வந்து நிக்கிறானே?"

அப்படி ஒரு முடிவு வட்டத்தில் எடுக்கப்பட்டிருக்காது. எப்போதாவது சொல்லலாமா என்று பேசப்பட்டிருக்கும். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற குறளை வைத்துத்தான் இதைப் பேசுகிறோம். அதிலுள்ள 'புரைதீர்ந்த' என்ற நிபந்தனையைப் பிள்ளைகள் கவனிக்கும்வரை விடுவதில்லை. குற்றமற்ற நன்மை என்றால் யாருக்கு நன்மை? சொன்னவனுக்கா, கேட்டவனுக்கா, பொய்யால் பாதிக்கப்படும் மூன்றாவது ஆளுக்கா? வீட்டுப்பாடம் செய்யாததை மறைக்கச் சொன்ன பொய் இந்த நிபந்தனையைத் தாண்டுமா என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். தாண்டாது என்பது அவனுக்குத் தெரியும்.

"சாமி, சாதி இதெல்லாம் பேச்சுல வந்தா என்ன பண்றீங்க?"

சாமி வந்தால் பேசுகிறோம், மரியாதையோடு. நல்லது என்பது சாமி சொன்னதால் நல்லதா, நல்லது என்பதால் சாமி சொன்னதா என்ற கேள்வியைப் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்கிறார். இதில் எந்தப் பக்கம் நின்றாலும் நம்பிக்கை போய்விடாது. எந்தச் சாமி உண்மை என்ற பேச்சு மட்டும் எங்கள் வட்டத்தில் கிடையாது, அது வீட்டின் உரிமை.

சாதியில் என் நிலை உறுதியானது. ஒருவர் பிறப்பால் தாழ்ந்தவர் என்பதை மற்றவற்றைப்போல ஒரு கருத்தாக வைத்து ஆதரவு, எதிர்ப்பு என்று விவாதிக்க விடுவதில்லை. யார் சொன்னாலும் காரணத்தை மட்டும் பார்ப்போம் என்ற சமத்துவத்தின் மேல்தான் வட்டமே உட்கார்ந்திருக்கிறது; அதை மறுக்கும் பேச்சுக்கு அந்த வட்டத்தில் நிற்க இடமில்லை. ஆனால் ஒரு பிள்ளை வீட்டில் கேட்டதை வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால் அதைத் திட்டுவதில்லை. 'ஒருத்தரோட மதிப்பு எதுல இருக்குன்னு நாம போன தடவை பேசினோம்?' என்று கேட்டால் அது தானே தன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கும்.

இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கும் வட்டத்தில் காட்டைப் பற்றிப் பேசும்போது, 'உங்க ஆளுங்க என்ன சொல்வாங்க?' என்று எவரும் கேட்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் தன் சமூகத்துக்குப் பேச்சாளராக அங்கே வரவில்லை, தனக்காகத்தான் வந்திருக்கிறது.

"வீட்டுல எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்குறா. எதிர்த்துப் பேசப் பழக்கி விட்டுட்டீங்களே?"

காரணம் கேட்பதும் எதிர்ப்பதும் ஒன்றில்லை என்றாலும், சலிப்பைப் புரிந்துகொள்கிறேன். அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் 'ஏன்' என்றால் யாருக்கும் கோபம் வரும். 'இப்போ செய், சாப்பிட்டதும் காரணம் சொல்றேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி பிறகு காரணத்தையும் சொல்லிவிடுங்கள். அவளும் உங்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவள் என்பதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வட்டத்தில் அந்தக் கடமை எல்லோருக்கும் பொது.

"மார்க்குக்கு இது ஏதாவது உதவுமா?"

நேர்மையான விடை, உறுதி தர முடியாது என்பதே. இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட வகுப்பில் இருந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் ஏறக்குறைய இரண்டு மாதக் கற்றல் அளவு முன்னே இருந்தார்கள் என்று தெரியவந்தது. அதைவிடப் பெரிய அளவில் நடந்து 2021இல் வெளியான மறு ஆய்வில் வாசிப்பில் அப்படி முன்னேற்றம் காணப்படவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் அந்த நேரத்தை வேறு வழியில் செலவிடலாம். அடுத்தவர் பேச்சைக் கேட்டுத் தன் காரணத்தைத் திருத்திக்கொள்ளும் ஒரு பிள்ளை வேண்டுமென்றால் அனுப்புங்கள். அதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு புள்ளைக கேட்டா சொல்வீங்களா?"

ஆசிரியர்கள் அதிகமாகக் கேட்பது இதைத்தான், எனக்கும் கடினமானது இதுதான். தொடக்கத்தில் சொல்வதில்லை; பெரியவர் சொன்ன நொடியிலேயே பாதிப் பிள்ளைகள் தங்கள் யோசனையை மூடிவைத்துவிடுவார்கள். எப்போதும் மறைத்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை, ஏனெனில் எல்லோரும் மனம் திறக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் ஒளிந்துகொள்வது அந்த வட்டத்துக்குச் செய்யும் அநியாயம். ஆகவே பேச்சு முதிர்ந்த பிறகு, கேட்டால், காரணத்தோடு சொல்கிறேன். அந்தக் காரணத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையையும் அவர்களிடமே தருகிறேன். வாட்டில் கேள்வியில் சொன்னதுபோல எனக்கு முடிவில்லாத இடங்களில் முடிவில்லை என்றே சொல்கிறேன். சாதி பற்றிய கேள்வியில் நான் பொதுவானவர் வேடம் போடுவதில்லை.

"எங்க ஊர்ல இப்படி வட்டம் எதுவும் இல்லை. வீட்டுலயே செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வத்தலக்குண்டுக்கு இறங்கும் பேருந்துப் பயணம் ஒன்றே ஒரு நல்ல உரையாடலுக்குப் போதும். அன்று பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: சாலையோரக் குரங்குக்குத் தின்பண்டம் போட்ட சுற்றுலாப் பயணி அதற்கு நன்மை செய்தாரா? சீசனில் அறை வாடகையை மும்மடங்காக ஏற்றுவது நியாயமா? ஒரே கேள்வி போதும், மேலே சொன்ன 'ஏன்', 'எப்பவுமேவா', 'மாறா ஒரு உதாரணம்' ஆகியவற்றைத் தவிர வேறு கருவி தேவையில்லை. அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று இன்னொருவரும் சேர்ந்தால் மிக நல்லது, ஏனெனில் பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் மறுப்பைப் பிள்ளைகள் தமக்குள் எளிதாகச் சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைக்கு அன்று பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ வேலையின் நடுவே, அந்தக் கேள்விக்கு விடையோடு அதுவே வரும்.